தழும்பைத் தாளில் ஏற்றுவது: பிரித்தானியத் தடுப்பு முகாமும் ரூல் 35-உம்

அக்கா, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் வாசிப்பார்கள். உங்கள் சித்தியின் மகன் ஹோம் ஆபிஸில், அதாவது குடிவரவைப் பார்க்கும் உள்துறை அமைச்சில், வழக்கமான சைன் பண்ணப் போன இடத்தில் மறித்து, ஹீத்ரோவுக்குப் பக்கத்துத் தடுப்பு முகாமில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். முதுகிலும் தொடையிலும் சூடு வைத்த தழும்புகள். இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை. உள்ளே வைத்தியப் பகுதிக்குப் போனால் பரசிட்டமோல் தந்து அனுப்புகிறார்கள். சொலிசிட்டரைக் கேட்டால் "ரூல் 35 ரிப்போர்ட் வரட்டும்" என்கிறார். அந்த ரிப்போர்ட் என்ன, தம்பிக்கு ஒழுங்கான வைத்தியம் கொடுக்கச் சொல்லி நேரே கோர்ட்டுக்குப் போக ஏலாதா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் சொலிசிட்டர் இல்லை. பதினைந்து வருசமாகத் தடுப்பு முகாம்களிலும் குடிவரவு, அகதி வழக்குகளைக் கேட்கும் ட்ரிபியூனலிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறவன். சொலிசிட்டருக்கும் டொக்டருக்கும் உள்ளே இருக்கிற பெடியனுக்கும் நடுவில் கதிரை போட்டு இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் தம்பியின் கேஸில் என்ன செய்வது என்பதை அவருடைய சொலிசிட்டர்தான் சொல்லவேண்டும்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நேரே போகலாம், ஆனால் அந்தக் கதவால் போகிறவர்கள் குறைவு. இந்த நாட்டுச் சட்டத்தில் "எனக்குச் சுகாதார உரிமை இருக்கிறது" என்று கோர்ட்டில் தூக்கிக் காட்ட ஒரு தனிப் பிரிவு இல்லை. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு அந்த உரிமையைச் சொல்கிறது, பிரித்தானியாவும் அதில் 1976-இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் பாராளுமன்றம் அதை உள்நாட்டுச் சட்டமாக ஆக்கவில்லை. அதனால் ஜட்ஜ் அதைக் கையில் எடுக்கமாட்டார். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த ஸ்பெஷலிஸ்ட் என்பதிலும் கோர்ட் தலையிட விரும்பாது, அது டொக்டரின் வேலை என்று விட்டுவிடும்.

ஆகவே இங்கே சொலிசிட்டர்மார் கேள்வியையே மாற்றிக் கேட்கிறார்கள். இவருக்கு மருந்து கொடு என்று கேட்காமல், இந்த உடம்போடும் இந்த மனதோடும் இருக்கிற ஒருவரை அடைத்து வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்கிறார்கள். ஒரு ஆளை அடைத்து வைத்தால் அதற்கான நியாயத்தைக் காட்டவேண்டியது அடைத்தவர்தான். இது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய விதி. குடிவரவுத் தடுப்புக்கு இந்த நாட்டில் உச்ச காலம் என்று ஒன்றும் இல்லாவிட்டாலும், ஹர்தியால் சிங் என்ற இந்தியரின் வழக்கில் 1983-இல் நீதிபதி வூல்ஃப் ஒரு எல்லையைப் போட்டார்: நாடு கடத்துவதற்காக மட்டுமே அடைக்கலாம், நியாயமான காலத்துக்கு மட்டுமே அடைக்கலாம். நாற்பது வருசம் கழிந்தும் ஒவ்வொரு தடுப்பு வழக்கிலும் அந்தப் பெயர் வரும். வருத்தக்காரனை அடைத்து வைப்பது நியாயமான காலத்தைச் சுருக்கிவிடும் என்பது அதிலிருந்து கிளைத்த வாதம். உள்ளே வைத்தியம் கிடைக்காதவருக்கு வெளியே வருவதுதான் வைத்தியம் என்று சொல்லலாம். சுற்றுவழிதான், ஆனால் இங்கே வேலை செய்கிற வழி.

இனி ரூல் 35. 2001-ஆம் ஆண்டின் தடுப்பு மைய விதிகளில் 34-உம் 35-உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, சேர்த்தே படிக்கவேண்டும். 34-ஆம் விதிப்படி, உள்ளே கொண்டுவரப்பட்டவர் சம்மதித்தால் 24 மணித்தியாலத்துக்குள் ஒரு டொக்டர் அவருடைய உடலையும் மனதையும் பரிசோதிக்கவேண்டும். 35-ஆம் விதிப்படி டொக்டர் மூன்று சந்தர்ப்பங்களில் ரிப்போர்ட் எழுதியே ஆகவேண்டும்: தடுப்பு தொடர்ந்தால் இவருடைய உடல்நலம் கெடும் என்று தோன்றினால், தற்கொலை எண்ணம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், சித்திரவதைக்கு ஆளாகியிருக்கலாம் என்று கவலை எழுந்தால். "எழுதலாம்" என்று விதி சொல்லவில்லை, "எழுதவேண்டும்" என்கிறது. ரிப்போர்ட் ஹோம் ஆபிஸுக்குப் போனதும் அடுத்த இரண்டு வேலை நாளுக்குள் அவர்கள் பதில் தரவேண்டும்: விடுகிறோம், அல்லது இன்ன காரணத்தால் விடமாட்டோம்.

24 மணித்தியாலப் பரிசோதனை சும்மா சடங்கு என்று நினைத்திருந்தார்கள். 2006-இல் இரண்டு பேருடைய வழக்கில் ஹைகோர்ட் நீதிபதி டேவிஸ் அந்த நினைப்பை உடைத்தார். அந்தப் பரிசோதனை நேரத்துக்கு நடந்திருந்தால் ரிப்போர்ட் போயிருக்கும், ரிப்போர்ட் போயிருந்தால் விடுதலை வந்திருக்கும், ஆகவே நடக்காமல் விட்டதால் தடுப்பே சட்டவிரோதம் என்றார். ஒரு மருத்துவப் பரிசோதனை தவறியதால் ஒரு சிறைவைப்பு செல்லாமல் போனது. தடுப்பு வழக்குகளில் எனக்கு மிகப் பிடித்த தர்க்கம் இது.

இவ்வளவு நல்ல விதியை வைத்துக்கொண்டு ஏன் பரசிட்டமோல் என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் இரவில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

சில வருசங்களுக்கு முன் ஒரு சொலிசிட்டர் ஒரு பெடியனின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, அவனோடு இருந்து வரி வரியாகச் சரிபார்த்துத் தரச் சொன்னார். முகாமின் பெயர் வேண்டாம். முதல் பதிவு விடியப்புறம் இரண்டரை மணிக்கு. வான் வண்டிக்குள் ஐந்து மணித்தியாலம் இருத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள். நர்ஸ் ஒருவர், டெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளர், கதவடியில் சீருடையில் ஒரு காவலர். முதுகில் என்ன என்ற கேள்விக்கு நேரே எழுதியிருந்தது: வேர்க்குரு, பழையது, கிரீம் தேவையில்லை.

"என்ன சொன்னனீர் தம்பி?" என்று கேட்டேன்.

"சூடு வச்சவங்கள் எண்டு சொன்னனான் அண்ணை."

டெலிபோனில் இருந்தவர் "சூடு" என்பதை வெக்கை என்று எடுத்திருக்கிறார். நர்ஸ் அதை வெக்கையால் வந்த தோல் வருத்தம் என்று எழுதியிருக்கிறார். பெடியனுக்கு ஆங்கிலம் தெரியாது, நர்ஸுக்குத் தமிழ் தெரியாது, டெலிபோன்காரருக்கு முதுகு தெரியாது. காய்ச்சிய கம்பி அந்தத் தாளில் வேர்க்குருவாக ஆகிவிட்டது. அந்த ஒரு வரியைத் திருத்த ஏழு கிழமை எடுத்தது. அந்த ஏழு கிழமையும் அவன் உள்ளேதான் இருந்தான்.

இன்னொரு சொல் "யோசனை". எங்கள் சனம் மனம் உடைந்துபோனதைச் சொல்லப் பாவிக்கும் முதல் சொல் அது. "சரியான யோசனை", "இரவிரவாக யோசனை", "யோசிச்சு யோசிச்சுத் தலை வெடிக்குது". இதை அப்படியே மொழிபெயர்த்தால், நிறையச் சிந்திக்கிறார் என்று டொக்டர் எழுதுவார். நிறையச் சிந்திப்பது வருத்தமா என்ன? உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்: யோசனை என்று மட்டும் சொல்லி விடவேண்டாம். கண்ணை மூடினால் என்ன தெரிகிறது, எத்தனை மணிக்குத் திடுக்கிட்டு எழும்புகிறார், சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் உடம்பு என்ன செய்கிறது, சாகலாம் என்ற நினைப்பு வருகிறதா, வந்தால் எப்போது என்று நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். வருத்தத்தின் பெயரை டொக்டர் வைத்துக்கொள்வார்.

ஆண்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஊரில் தடுப்பில் வைத்து உடுப்பைக் கழற்றிச் செய்த கொடுமைகளை, மொழிபெயர்க்கிறவர் தமிழ் ஆள் என்பதாலேயே பலர் சொல்லமாட்டார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற ஒண்டும் இல்லை அண்ணை" என்று நிறுத்தியவர்கள் பலர். வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், பெண் டொக்டர் வேண்டாம் ஆண் டொக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே கதவு திறக்காது. 2016 செப்டம்பரிலிருந்து "ஆபத்திலுள்ள வயதுவந்தோர்" என்ற கொள்கையின்படி ஹோம் ஆபிஸ் ஆட்களை மூன்று படியாகப் பிரிக்கிறது. தானே வாயால் சொன்னால் முதல் படி. டொக்டரோ வேறு தொழில்முறை ஆளோ எழுத்தில் உறுதிப்படுத்தினால் இரண்டாம் படி. தடுப்பு தொடர்ந்தால் இவருக்குத் தீங்கு வரும் என்று அந்த எழுத்து சொன்னால் மூன்றாம் படி. படி ஏற ஏற, அடைத்து வைக்க ஹோம் ஆபிஸ் காட்டவேண்டிய காரணமும் கனமாகவேண்டும்.

பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் இரண்டாம் படியில் மாட்டிக்கொண்டு நிற்கும். படிவத்தில் மனித உருவம் ஒன்று முன்பக்கமும் பின்பக்கமுமாக வரைந்திருக்கும். டொக்டர் அதில் தழும்புகளைக் குறித்து, அவர் சொல்லும் கதையோடு இவை பொருந்தலாம் என்று எழுதிவிடுவார். தடுப்பு இவரை என்ன செய்கிறது என்ற பகுதியில் ஒரு வரி இருக்கும், அல்லது வெறுமையாக இருக்கும். இரண்டு நாளில் பதில் வரும்: நீங்கள் சித்திரவதைக்கு ஆளாகியிருக்கலாம் என்பதை ஏற்கிறோம், ஆனால் உங்களை விரைவில் அனுப்பிவிடலாம், முன்பு ஒருமுறை சைன் பண்ணத் தவறியிருக்கிறீர்கள், ஆகவே தடுப்பைத் தொடர்கிறோம். இந்தக் கடிதத்தை நான் எத்தனையோ பேருக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். "ஏற்கிறோம்" என்ற இடத்தில் முகம் மலரும், "ஆனால்" என்ற இடத்தில் விழுந்துவிடும். அதனால்தான், தடுப்பின் பாதிப்பு பற்றிய அந்தப் பகுதி நிரம்பியிருக்கிறதா என்று சொலிசிட்டர் முதலில் பார்ப்பார். நிரம்பாவிட்டால் மறுபடி எழுதச் சொல்லி முகாமின் வைத்தியப் பகுதிக்குக் கடிதம் போடலாம்.

அந்த 2016 கொள்கையில் ஒரு குழி இருந்தது. அரசாங்க ஆள் செய்தால்தான், அல்லது அவர்களின் சம்மதத்தோடு நடந்தால்தான் சித்திரவதை என்று வரையறையைச் சுருக்கிவிட்டார்கள். கடத்தல் கும்பலோ ஆயுதக் குழுவோ அடித்து எலும்பை முறித்திருந்தால் அது வேறு கணக்கு. மெடிக்கல் ஜஸ்டிஸ் என்ற அமைப்பும் தடுப்பில் இருந்த ஏழு பேரும் வழக்குப் போட்டார்கள். 2017 அக்டோபரில் நீதிபதி ஊஸ்லி அந்த வரையறை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். அடித்தது யார் என்பதைப் பார்த்தா நித்திரை கெடுகிறது? மெடிக்கல் ஜஸ்டிஸ் 2005-இல் தொடங்கியது. தொண்டர் டொக்டர்மாரை முகாமுக்கு உள்ளே அனுப்பிப் பரிசோதிக்க வைத்துச் சுதந்திர ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பதுதான் அவர்களின் முக்கிய வேலை. உங்கள் சொலிசிட்டர் அவர்களிடம் கேஸை அனுப்பிவிட்டாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

ரூல் 35 எவ்வளவு பழுதாகிக் கிடந்தது என்பதை ஒரு பொது விசாரணையே எழுதி வைத்திருக்கிறது. கேட்விக் விமான நிலையத்தடியில் இருக்கிற ப்ரூக் ஹவுஸ் முகாமை அப்போது ஜி4எஸ் கம்பனி நடத்தியது. காவலர்கள் உள்ளே இருந்தவர்களைக் கொடுமைப்படுத்துவதை அங்கு வேலை செய்த ஒருவரே ஒளித்து எடுத்த படம் 2017 செப்டம்பரில் பிபிசி பனோரமா நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. உள்ளுக்குள்ளே ஒரு விசாரணையோடு முடித்துவிடப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட இரண்டு பேர் வழக்குப் போட, சாட்சிகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தோடு விசாரணை பகிரங்கமாக நடக்கவேண்டும் என்று 2019-இல் ஹைகோர்ட் சொன்னது. அப்படி வந்த விசாரணையின் அறிக்கையை கேட் ஈவ்ஸ் 2023 செப்டம்பரில் வெளியிட்டார். 2017 ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை, வெறும் ஐந்து மாதத்தில், மனிதத்தன்மையற்ற அல்லது இழிவான நடத்தைக்கு நம்பத்தகுந்த சான்றுள்ள 19 சம்பவங்களை அது பதிந்தது. எனக்கு அதைவிடத் தைத்தது இன்னொன்று. அந்த ஐந்து மாதத்தில் தற்கொலை ஆபத்து பற்றிய ரூல் 35 ரிப்போர்ட் ஒன்றுகூட எழுதப்படவில்லை. தற்கொலைக் கண்காணிப்பில் ஆட்களை வைத்திருந்தார்கள், காவலர் இருந்து பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஆபத்தை ஹோம் ஆபிஸுக்கு அறிவிக்கவேண்டிய தாள் எழுதப்படவேயில்லை. தடுப்புக்கு 28 நாள் எல்லை வைக்கவேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது.

உங்கள் தம்பியும் அப்படிக் கண்காணிப்பில் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால், அதற்குரிய ரூல் 35 ரிப்போர்ட் எங்கே என்பதுதான் சொலிசிட்டர் எழுதும் கடிதத்தின் முதல் வரியாக இருக்கவேண்டும். உங்களிடம் அவர் சாகப்போகிறேன் என்று ஃபோனில் சொன்னால் மனதுக்குள் வைத்திருக்கவேண்டாம், அந்த நிமிடமே முகாமுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள்.

இனித் தழும்பு. சுதந்திர டொக்டர் எழுதும் ரிப்போர்ட்டுக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, இஸ்தான்புல் நெறிமுறை என்று பெயர். ஒவ்வொரு தழும்பையும் அவர் ஐந்தில் ஒன்றில் வைப்பார்: கதையோடு பொருந்தாது, பொருந்தும், மிகவும் பொருந்தும், இந்த மாதிரிக் காயத்துக்கே உரியது, வேறு எதனாலும் வந்திருக்க முடியாது. "பொருந்தும்" என்பதற்கும் "மிகவும் பொருந்தும்" என்பதற்கும் நடுவில் ஒரு மனுசனின் வாழ்க்கை தொங்கும்.

இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது ஒரு ஈழத்தமிழர்தான். தீர்ப்பில் அவருக்குக் கேவி என்று எழுத்துதான் போட்டிருக்கிறார்கள். புலிகளுக்கு நகை உருக்கிக் கொடுத்தவர் என்று படையினர் பிடித்து, காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டதாகச் சொன்னார். கையில் தழும்புகள், முதுகில் ஐந்து நீளத் தழும்புகள். முதுகுத் தழும்புகளின் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல நேராக இருந்தது. நினைவோடு இருக்கிற ஆள் சுடும்போது துடிப்பான், ஓரம் கலையும். ஆகவே சுடும்போது இவர் மயங்கியிருக்கவேண்டும் என்றார் டொக்டர், அவரும் மயங்கிப்போனேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் ட்ரிபியூனல் அந்த நேரான ஓரத்தையே அவருக்கு எதிராகத் திருப்பியது: அகதி விசா எடுப்பதற்காகத் தானே ஆளை வைத்து, மயக்க மருந்தில் சுடுவித்திருப்பார் என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. தழும்பு எப்படி வந்தது என்பது மட்டுமல்ல, அவர் சொல்லும் சூழ்நிலையோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்றும் டொக்டர் சொல்லலாம், அகதிகள் தங்களை இப்படிச் சுடுவித்துக்கொண்டதற்கான சான்று அநேகமாக இல்லை என்று சொல்லி, கேஸை மறுபடி கேட்க அனுப்பியது. முதுகை இப்படிச் சுடுவித்துக்கொண்டு வருவானா ஒருவன் என்று எங்கள் அம்மா சமையலறையில் நின்று ஒரு நிமிடத்தில் சொன்னதற்கு இத்தனை வருசம் எடுத்தது.

கோர்ட் வழி எப்படிப் போகும்? முதலில் ஹோம் ஆபிஸுக்கு வழக்குக்கு முந்திய கடிதம். வழக்கமாக 14 நாள் அவகாசம், அவசரம் என்றால் சுருக்கலாம். பிறகு ஹைகோர்ட்டில் ஜுடிஷல் ரிவியூ, அதாவது அரசு செய்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் வழக்கு, கூடவே இடைக்கால உத்தரவு. கடிதம் போன அடுத்த நாளே, அல்லது வழக்குக்கு முதல் நாள் பின்னேரம், சத்தமில்லாமல் ஆளை விட்டுவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தீர்ப்பு வராது, புத்தகத்தில் ஏறாது, ஆனால் ஆள் வெளியே நிற்பான். இதோடு பெயில் விண்ணப்பம் வேறு பாதையில் ட்ரிபியூனலில் ஓடும். பெயில் ஜட்ஜ் தடுப்பு சட்டப்படி சரியா என்று தீர்ப்புச் சொல்லமாட்டார், விட்டால் நிபந்தனைப்படி நடப்பாரா, விடுவது பாதுகாப்பானதா என்பதைப் போன்றவற்றைத்தான் பார்ப்பார். அங்கே உங்கள் வீட்டு முகவரி பெரிய சாமான். போய் இருக்க இடமில்லை என்ற காரணத்தாலேயே பெயில் கிடைத்தும் உள்ளே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நட்ட ஈடு பற்றியும் ஒரு சொல். 2011-இல் லும்பா வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதி வெளியிட்ட கொள்கையை விட்டுவிட்டு ரகசியக் கொள்கைப்படி அடைத்தது சட்டவிரோதம் என்றது. ஆனால் ஒழுங்காகச் செய்திருந்தாலும் வழக்குப் போட்டவர்களை அடைத்துத்தான் இருப்பார்கள் என்று சொல்லி ஒரு பவுண் நட்ட ஈடு கொடுத்தது. சட்டம் வென்றது, கையில் ஒரு பவுண்.

மனநிலை மிக மோசமானவர்கள் விஷயத்தில் கோர்ட் இன்னும் கடுமையாகப் பேசியிருக்கிறது. 2011-இலிருந்து சில வருசங்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில், மனநோயாளிகளைத் தடுப்பில் வைத்திருந்த விதம் ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 3-ஆம் பிரிவை, அதாவது மனிதத்தன்மையற்ற நடத்தைக்கான தடையை, மீறியது என்று ஹைகோர்ட் கண்டது. 2018-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விசி என்பவரின் வழக்கில் சமத்துவச் சட்டத்தைக் கையில் எடுத்தது: தனக்காகப் பேசத் திராணியில்லாத ஒருவரிடம் தடுப்பு பற்றிய தாள்களை நீட்டிவிட்டு, பேச ஒரு ஆளை ஏற்பாடு செய்யாமல் விட்டது பாகுபாடு.

வைத்தியத்தையே நேரடியாகக் கேட்டு வென்ற நாடு அவுஸ்திரேலியா. வேடிக்கை என்னவென்றால், அங்கே மத்திய அரசுக்கு மனித உரிமைச் சட்டமே கிடையாது. ஆகவே வக்கீல்மார் அலட்சியத்துக்கான சாதாரண சிவில் சட்டத்தைப் பிடித்தார்கள்: நீ அகதிகளைக் கொண்டுபோய் நவுரு என்ற பசிபிக் தீவு நாட்டில் விட்டாய், ஆகவே அவர்களைக் கவனிக்கவேண்டிய கடமை உன்னுடையது. 2016-இல் நவுருவில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்ற, வலிப்பு நோயுள்ள ஒரு அகதிப் பெண்ணைக் கருக்கலைப்பு சட்டவிரோதமான பப்புவா நியூகினிக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பான, சட்டப்படியான சிகிச்சை ஏற்பாடு செய்யவேண்டியது மந்திரியின் கடமை என்று நீதிபதி ப்ரோம்பேர்க் உத்தரவிட்டார். 2018 முழுக்க, சாப்பிடாமல் பேசாமல் படுத்துவிட்ட பிள்ளைகளுக்காக ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவுகள். 2019-இல் இரண்டு டொக்டர் சொன்னால் சிகிச்சைக்காக அவுஸ்திரேலியாவுக்கு மாற்றலாம் என்று தனிச் சட்டமே வந்து, அதே வருசம் டிசம்பரில் நீக்கவும்பட்டது. பிலோயிலா என்ற அவுஸ்திரேலிய ஊரிலிருந்து பிடித்துக் கிறிஸ்மஸ் தீவில் வைத்திருந்த தமிழ்க் குடும்பத்தின் சின்னப் பிள்ளை 2021 ஜூனில் இரத்தத்தில் கிருமி ஏறிப் பேர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கும் முதலில் கொடுத்தது பரசிட்டமோல்தான் என்று குடும்பத்தினர் சொன்னார்கள்.

எந்த விதியும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இந்து சமுத்திரத்தில் இருக்கிற தியாகோ கார்சியா தீவு உதாரணம். 2021 அக்டோபரில் கனடா போகப் புறப்பட்ட படகிலிருந்து 89 ஈழத்தமிழர்கள் அந்த அமெரிக்கத் தளத் தீவில் இறக்கப்பட்டார்கள். அப்போது மண் பிரித்தானியாவின் ஆட்சியில் இருந்தது, ஆனால் பிரித்தானியச் சட்டம் அப்படியே செல்லவில்லை. ரூல் 34-உம் இல்லை, 35-உம் இல்லை. வேலி அடித்த முகாமில் கூடாரங்கள், எலி, சிறுபிள்ளைகள், ஜி4எஸ் காவல். உயிரை மாய்க்கப் பார்த்தவர்களைச் சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். அரசு தரப்பு இது தடுப்பே இல்லை என்று வாதாடியது. 2024 டிசம்பர் 16-இல் நீதிபதி மார்கரெட் ஓபி, பெயரில் மட்டும்தான் இது சிறை இல்லை என்ற கருத்தில் எழுதி, தடுப்பு சட்டவிரோதம் என்றார். தீர்ப்புக்கு இரண்டு கிழமைக்கு முன்பே பெரும்பாலானவர்களை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று வருசத்துக்கு மேல். அங்கும் மருந்தைக் கேட்டு வெல்லவில்லை, இது அடைத்து வைத்தல்தான் என்பதை நிறுவித்தான் வென்றார்கள்.

இனி உங்கள் கையில் இருப்பது. தம்பிக்குச் சிலவேளை இப்போதைய சொலிசிட்டர் பிடிக்காமல் போகலாம், அல்லது பதில் இல்லாமல் போகலாம். உள்ளேயே அரை மணித்தியாலம் இலவசச் சட்ட ஆலோசனை கேட்க உரிமை இருக்கிறது, லைப்ரரியில் அல்லது வெல்ஃபேர் ஒபீசில் பெயர் பதியவேண்டும். கமரா உள்ள ஃபோனை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே அவர் தழும்பைப் படமெடுத்து அனுப்ப ஏலாது. முன்பு வீட்டில் எடுத்த படம் ஏதாவது உங்கள் ஃபோனில் இருக்கிறதா என்று தேடுங்கள், எடுத்த திகதியோடு அனுப்புங்கள். ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் என்று கூப்பிட்டு, விலங்கு போடுவோம் என்றால் மறுத்துவிட்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். 2013-இல் 84 வயதுக் கனடா நாட்டவர் ஒருவர் விலங்கோடு ஆஸ்பத்திரியில் செத்ததைப் பிறகு சிறைப் பரிசோதகர் கண்டித்து எழுதினார், அதைக் காட்டி விலங்கு வேண்டாம் என்று வாதாடலாம். மறுத்தால் பதிவில் "சிகிச்சை மறுத்தார்" என்றுதான் ஏறும்.

எல்லாவற்றுக்கும் முதல் வெளியே இருந்த காலத்து ஜீபி, அதாவது குடும்ப டொக்டரின், பதிவுகள். நித்திரைக் குளிசை எழுதிய திகதி, கவுன்சிலிங்குக்கு அனுப்பிய கடிதம், இரண்டு வருசத்துக்கு முந்திய ஒரு வரி "முதுகில் தழும்புகள்" என்று இருந்தாலும் போதும். பிடிபட்ட பிறகு சொன்ன கதை என்று யாரும் சொல்லமுடியாது. அதற்குத் தம்பியின் கையெழுத்து வேண்டும். சம்மதப் படிவத்தை சொலிசிட்டர் இன்றைக்கே முகாமுக்கு ஈமெயில் பண்ணட்டும், அவர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பட்டும். வந்ததும் ஜீபி ரிசெப்ஷனுக்குக் காலை எட்டு மணிக்கே ஃபோன் எடுங்கள் அக்கா, எட்டே காலுக்கு லைன் கிடைக்காது.